சுறாவும் கேட்ட தனி ஆவர்த்தனம்

அந்தப் படிவத்தில் பதினான்கு வியாதிகளின் பெயர்கள் இருந்தன. பதினொன்றுக்கு நேரே 'ஓம்' என்று அடையாளம் போட்டேன். மிச்சம் மூன்றும் என்னவென்று விளங்கவில்லை. விளங்கியிருந்தால் அவற்றையும் விட்டிருக்க மாட்டேன்.

வெள்ளைச் சுறாவைக் கண்டால் ஓடித் தப்புவதுதான் மனித குலத்தின் வழமை. தென் ஆஸ்திரேலியாவில் போர்ட் லிங்கன் என்றொரு துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே சனம் மாதக் கணக்கில் முன்பதிவு செய்து, விடியற்காலையில் வரிசையில் நின்று, இரும்புக் கூட்டுக்குள் ஏறி, அந்தச் சுறா இருக்கும் இடத்துக்கே இறங்குகிறது. இறங்க முன்னர், செத்தால் எவரும் பொறுப்பில்லை என்று கையெழுத்தும் வைக்க வேண்டும். உடம்பு சரியில்லாதவர்களை இறக்க மாட்டார்களாம். என் வாழ்க்கையில் முதன்முறையாக என் உடம்பின் மேல் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

படிவத்தை வாங்கிப் பார்த்தவள் என் மகள். அந்தப் படகில்தான் அவளுக்கு வேலை.

"அப்பா, தைரொய்ட் உங்களுக்கில்ல. அம்மாவுக்கு."

"ஒரே வீட்டிலதானே பிள்ளை இருக்கிறம்."

"கர்ப்பமா எண்டதுக்கும் ஓம் போட்டிருக்கிறீங்கள்."

"அது… அவசரத்தில விழுந்திட்டுது."

அவள் சிரிக்காமல் புதுப் படிவம் ஒன்றை நீட்டினாள். "இந்த முறை உண்மைய மட்டும் போடுங்கோ."

உண்மையை மட்டும் போட்டால் பிரஷர் ஒன்றுதான் மிஞ்சியது. அதற்கும் எங்கள் குடும்ப டொக்டரின் கடிதம் அவளிடம் ஏற்கெனவே இருந்தது. முதல்நாள் இரவே அனுப்பி வைத்தது என் மனைவி. முப்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள்.

நான் சுறா பார்க்கப் போனவன் அல்ல. மகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரப் போனவன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். விட்டது என்றும் சொல்ல முடியாது. எங்கள் பள்ளிக்கூடம் அகதி முகாமானது. திரும்பத் திறந்தபோது நான் ஒரு சைக்கிள் கடையில் ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் என்னைத் தேடவில்லை, நானும் அதைத் தேடவில்லை. மெல்பேர்னுக்கு வந்து பல வருடங்களாக உறைந்த மரக்கறி பொதி செய்யும் தொழிற்சாலையில் நிற்கிறேன். ஆகவே எங்கள் ஒரே பிள்ளை எனக்கும் சேர்த்துப் படிப்பாள் என்று அவளைக் கேட்காமலே முடிவு செய்திருந்தோம். நல்ல அரசுப் பள்ளியின் எல்லைக்குள் விலாசம் வேண்டுமென்பதற்காக, கிளென் வேவர்லியில் இரண்டு அறை வீட்டில், கட்டில் போட்டால் கதவு திறக்காத அறையில், ஆறு வருடம் வாடகைக்கு இருந்தோம். கணித வகுப்பு, ஆங்கில வகுப்பு, இரசாயன வகுப்பு. சனிக்கிழமைகளில் மிருதங்க வகுப்பு. அவள் பட்டம் எடுத்த கையோடு நாங்கள் கிரான்பர்னில் வீடு வாங்கிப் போனோம். கதவு முழுதாகத் திறக்கும் அறை ஒன்றை அவளுக்கென்று ஒதுக்கினோம்.

அவள் சிநேகிதிகளோடு ஒரு கிழமை லீவுக்கென்று போர்ட் லிங்கனுக்குப் போனாள். அந்தக் கிழமை முடிந்து ஒன்றரை வருடமாகிறது.

எங்கள் சனத்தின் இடையே பிள்ளைகளைப் பற்றிக் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். "மகள் என்ன செய்யிறா?" கோயிலில் கேட்பார்கள், பிறந்தநாள் விழாவில் கேட்பார்கள், செத்தவீட்டில் பிரேதத்துக்குப் பூப்போட்டுவிட்டுத் திரும்பும்போதும் கேட்பார்கள். என் மனைவி அதற்கொரு பதில் தயாரித்து வைத்திருந்தாள்: "கடல் சம்பந்தமா ரிசேர்ச்." நானும் அதையே சொல்லி வந்தேன். பொய்யில்லை. கடலும் இருந்தது, சம்பந்தமும் இருந்தது.

அப்போதுதான் கிளேற்றனில் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை வந்தது. விண்ணப்பம் போட்டது மனைவி. அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி அங்கே பெரிய ஆள். திங்கட்கிழமைக்குள் வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் இன்னொருவருக்குப் போய்விடும்.

"நீரே போய்க் கதையுமன்," என்றேன் மனைவியிடம்.

"நான் அழுதா நாடகம் எண்டுவாள். நீங்கள் அழுதா நம்புவாள். உங்களுக்கு அழுகை நல்லாத்தானே வரும்."

இந்த வீட்டில் என் திறமைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. கடிதத்தை அச்சடித்து என் பைலில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். பைல் என்றால், குடியுரிமைப் பத்திரம், பாஸ்போர்ட், பிறப்புச் சாட்சி, ஊசி போட்ட விபரம், எல்லாவற்றின் இரண்டிரண்டு போட்டோ பிரதிகளும் அடங்கிய பைல். பால் வாங்கக் கடைக்குப் போனாலும் அது காரில் இருக்கும். எந்த நேரம் எவன் எதைக் கேட்பான் என்று தெரியாது.

போய்ச் சேர்ந்த அன்று பின்னேரம் மகளின் சாப்பாட்டு மேசையில் கடிதத்தை வைத்தேன். அவள் தொடவில்லை.

"நாளைக்குப் போட்டில வாங்கோ. கூட்டுக்குள்ள இறங்குங்கோ. மேல வந்தாப்பிறகு கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறன். அதுக்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் கேக்கிறன்."

"இறங்காட்டி?"

"இறங்காட்டி, நான் என்ன செய்யிறன் எண்டு தெரியாமலே வேண்டாம் எண்டு சொல்லுறீங்கள். அப்ப நானும் வாசிக்காமலே வேண்டாம் எண்டுவன்."

வழக்கறிஞருக்குப் படிக்க வைத்திருக்கலாம்.

படகு மூன்று மணித்தியாலம் ஓடியது. நான் கடல் கடந்து இந்த நாட்டுக்கு வந்தவன்தான். பிளேனில், கண்ணை மூடிக்கொண்டு. பிளேன் பயணத்துக்கென்று மனைவி கட்டிக் கொடுத்த வேர்க்கொம்பை, அதுதான் சுக்கை, சப்பிக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலத்தில் வேர்க்கொம்பும் முதல்நாள் சாப்பாடும் ஒரு வாளிக்குள் சமாதானமாகின. படகோட்டி, நரைத்த தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், என் முதுகில் தட்டி "நோ வொரீஸ், மேற்" என்றார். இந்த நாட்டில் இறங்கிய நாள் முதல் எல்லாரும் எனக்கு அதைத்தான் சொல்கிறார்கள். ஒருவரும் எப்படி என்று சொல்லித் தந்ததில்லை.

எனக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்நாட்டுத் தம்பதி இருந்தார்கள். சிட்னியில், செவன் ஹில்ஸில் வீடாம். கணவனுக்குக் கணினி வேலை. தலையில் ஒரு கமரா, கையில் ஒரு கமரா. அவன் மனைவி போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

"சார், அந்தப் பொண்ணு உங்க பொண்ணா? தமிழ்ல பேசினீங்களே."

"ஓம்."

"என்ன பண்றாங்க?"

மகள் எங்களுக்கு ஆறடி தள்ளி, முழங்கால் வரை றப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, தன் உடம்பளவு கயிற்றுச் சுருளை இழுத்துக்கொண்டு நின்றாள். இருந்தும் என் வாய் பழகிய தடத்திலேயே ஓடியது.

"ரிசேர்ச். கடல் சம்பந்தமா."

"சூப்பர் சார். பி.எச்.டி.யா?"

"இல்ல அண்ணா," என்றாள் மகள், திரும்பாமலே. "கூட்டுக் கதவு திறக்கிறனான். ஆக்கள இறக்கி ஏத்திறனான். அப்பா சத்தியெடுத்த வாளிய இப்ப கழுவப் போறன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன். பார்ப்பதற்கு நிறையவே இருந்தது.

ஒரு தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டார்கள். பாறைகளில் கடல்நாய்கள் வெயில் காய்ந்தன. சுறாவின் காலைச் சாப்பாடு அதுதானாம். சுறாவை வரவழைக்க மற்றப் படகுகள் மீன் குடலையும் இரத்தத்தையும் கரைத்துக் கடலில் ஊற்றும் என்றும், தாங்கள் அப்படிச் செய்வதில்லை என்றும் மகள் எல்லாருக்கும் விளக்கினாள். இவர்கள் தண்ணீருக்குள் ஒரு ஒலிபெருக்கியை இறக்கிப் பாட்டுப் போடுகிறார்கள். அடித்தொண்டைச் சத்தம், மேளச் சத்தம் என்றால் சுறா என்னவென்று பார்க்க வருமாம். சாப்பிட அல்ல, சும்மா வேடிக்கை பார்க்க, விடுப்புப் பார்க்க. எங்கள் சனத்தைப் போல.

படகோட்டி தன் காலத்து றொக் பாட்டுகளைப் போட்டார். கூட்டை இறக்கினார்கள். ஒன்றரை மணித்தியாலம் போனது. ஒன்றும் வரவில்லை. முதல் குழு நீலத் தண்ணீரைப் பார்த்துவிட்டு நடுங்கிக்கொண்டு ஏறியது. நான் எல்லாத் தெய்வங்களுக்கும் தனித்தனியே நன்றி சொன்னேன். சுறா இல்லாத கூட்டுக்குள் இறங்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை, கடிதம் வாசிக்கப்பட்டுவிடும், பிள்ளை செவ்வாய்க்கிழமை வீட்டில் நிற்பாள்.

"அடுத்தது நீங்கள்தான்," என்றாள் மகள். என்னையும் அந்தச் செவன் ஹில்ஸ் கணவனையும் தடித்த றப்பர் உடுப்புக்குள் ஏற்றினார்கள். இடுப்பிலே ஈயக் கட்டி. மிதக்காமல் இருக்கவாம். மிதக்காமல் இருக்க எனக்கு உதவி தேவையென்று நினைத்த முதல் ஆட்கள் இவர்கள்தான். வாயில் காற்றுக் குழாயைக் கொடுத்தாள்.

"நீந்தத் தெரியாது பிள்ளை."

"தேவையில்ல. மூச்சு விட்டாக் காணும். அத மட்டும் மறந்திடாதேங்கோ."

பிறகு படகோட்டியிடம் ஏதோ சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டு தன் பாட்டை நிறுத்தினார். அவள் தன் போனை அந்தப் பெட்டியில் பொருத்தினாள்.

"எப்பவும் தன்ர பாட்டு சரிவராட்டி என்ர போனில இருக்கிறதைத்தான் போடுறவர்," என்றாள். "இறங்குங்கோ அப்பா."

இறங்கினேன். குளிர் பிடரியால் உள்ளே வந்து உடம்பு முழுவதையும் சோதனை போட்டது. கண்ணாடிக்கு முன்னால் என் சொந்த மூச்சுக் குமிழ்கள். நான்கு பக்கமும் கம்பி, அதற்கப்பால் முடிவில்லாத நீலம். கம்பிகளுக்கிடையே உள்ள இடைவெளியை அளந்தேன். எந்த அளவு மீன் இதற்குள் தலையைப் போடலாம் என்று கணக்குப் பார்த்தேன். காற்றுக் குழாய் எந்த இடத்தில் பழுதாகும், இந்தக் கூட்டை ஒட்டியவன் அன்று வீட்டில் சண்டை பிடித்துவிட்டு வந்திருப்பானா என்றெல்லாம் யோசித்தேன்.

அப்போது அது கேட்டது.

தொம்.

காதால் கேட்டது என்று சொல்ல மாட்டேன். நெஞ்செலும்பில் கேட்டது. மிருதங்கத்தின் இடப்பக்கத்துச் சத்தம். பிறகு வலப்பக்கம் மெல்லியதாக, மழை தகரத்தில் விழுவதைப் போல. பிறகு மீண்டும் தொம். பக்கத்தில் நின்ற செவன் ஹில்ஸ்காரன் கண்ணாடிக்குள் கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு, கையால் தாளம் போட்டுக் காட்டினான்.

அது என் மகளுடைய அரங்கேற்றம்.

மெல்பேர்னில் எங்கள் பிள்ளைகள் ஒரு கலையைப் படித்தால், அதை ஊருக்கு முன்னால் மேடையேற்றாமல் விடுவது பெற்றோருக்கு மரியாதையில்லை. மண்டபம், மேடை அலங்காரம், வெளிநாட்டிலிருந்து பாடகர், பிரதம விருந்தினர், பிரதம விருந்தினரைப் பற்றி ஒருவர் பேச, தன்னைப் பற்றிப் பிரதம விருந்தினர் பேச, பிறகு நானூறு பேருக்குச் சாப்பாடு. இவற்றுக்கு நடுவே எங்கேயாவது பிள்ளை வாசிக்கும். நிகழ்ச்சியின் உச்சியில் பாடகர் பாட்டை நிறுத்திவிடுவார். பிள்ளை தனியே மிருதங்கம் வாசிக்கும். அதுதான் தனி ஆவர்த்தனம். எட்டு வருட வகுப்பும் அந்த இருபது நிமிடத்துக்காகத்தான். சனம் அந்த இருபது நிமிடத்தில்தான் எழும்பிக் கோப்பி குடிக்கப் போகும்.

நான் கோப்பி குடிக்கப் போகவில்லை. கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். சாப்பாடு கொண்டுவரும் வானைக் காணவில்லை. விருந்தினர் ஒருவர் அயலவரின் வாசலை மறித்துக் காரை விட்டிருந்தார். பொலிஸ் வந்தால் என்ன செய்வது, சோறு போதாவிட்டால் என்ன செய்வது. கையில் பைலோடு நடந்துகொண்டிருந்தேன். மண்டபத்துக்குள் கைதட்டல் கேட்டபோதுதான் தனி முடிந்துவிட்டது என்று தெரிந்தது. வீடியோ எடுக்கிறார்கள்தானே, பிறகு பார்க்கலாம் என்று மனதைத் தேற்றினேன். வீடியோ டிஸ்க் அன்றுவரை பைலில் பிளாஸ்ரிக் உறையோடு கிடந்தது.

அந்தத் தனியைத்தான் இப்போது தண்ணீருக்குள் கேட்டுக்கொண்டு நின்றேன். எங்கும் ஓட முடியாது. வான் இல்லை, வாசல் இல்லை. இடுப்பில் ஈயம்.

சுறா இடப்பக்கமாக வந்தது. நான் நினைத்ததைப் போல வாயைத் திறந்துகொண்டு பாயவில்லை. எங்கள் தொழிற்சாலை சூப்பர்வைசர் பொதிகள் ஓடும் பட்டிக்குப் பட்டி நடந்து வருவதைப் போல, அவசரமில்லாமல், எல்லாம் தன்னுடையது என்ற நிதானத்தோடு வந்தது. ஒரு சாப்பாட்டு வானின் நீளம். கறுத்த கண். கம்பிக்கு அருகால் போகும்போது அந்தக் கண் என்னை ஒருமுறை பார்த்தது. பார்த்து, உபயோகமான எதுவும் இல்லையென்று கண்டு, அப்பால் போனது. பிறகு திரும்பி வந்தது. ஒலிபெருக்கி தொங்கிய பக்கமாகச் சுற்றியது. அரங்கேற்றத்துக்கு வந்த நானூறு பேரில் அரைவாசிப் பேர் எழும்பிப் போன அந்த இடத்தில், இது மூன்று முறை சுற்றி வந்து கேட்டது.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் கணக்குக் கொஞ்சம் தெரியும். பொதி எண்ணியே பழகியவன். அவள் ஒரு கணக்கைத் தொடங்கி, அதை உடைத்து, உடைத்ததைக் குறுக்கி, எங்கேயோ தொலைத்துவிட்டாள் என்று நான் பயந்த நேரத்தில், அதே அடியை மூன்று முறை வாசித்துச் சரியாக வந்து விழுந்தாள். பதினாறு வயதில். பயமே இல்லாமல். இந்தப் பிள்ளை யாருக்குப் பிறந்தது என்று அந்தக் குளிருக்குள்ளும் யோசித்தேன்.

பதிவு அந்த இடத்தோடு முடிந்தது. கைதட்டலை அவள் வெட்டியிருந்தாள். சுறா வாலை ஒருமுறை அசைத்து நீலத்துக்குள் போய்விட்டது.

மேலே இழுத்து எடுத்தவளும் அவள்தான். துவாயைப் போர்த்தி, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்தாள். கோப்பை என் பல்லில் தாளம் போட்டது.

"பயந்திட்டீங்களா?"

"அண்டைக்கு நான் கார்பார்க்கில நிண்டனான்," என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"தெரியும். மேடையில இருந்து பாத்தனான். உங்கட கதிரையில அம்மான்ர ஹாண்ட்பாக் இருந்தது."

என்னைப் போல அவளும் எதையும் எறிவதில்லை என்று தெரிந்தது. நான் தேத்தண்ணியைக் குடித்தேன். செவன் ஹில்ஸ்காரன் ஏறிவந்து, "என்னா வாசிப்பு சார்! யார் அது?" என்று கத்தினான். குளிரில் அவனுக்குத் தாடை கட்டியிருந்தது.

"இவதான்," என்றேன். "என்ர மகள்."

"ரிசேர்ச்னு சொன்னீங்க?"

"இல்லத் தம்பி. கூட்டுக் கதவு திறக்கிறவ."

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "எங்க லெற்றர்? இறங்கினீங்கள்தானே. தாங்கோ."

பைலைத் திறந்து கொடுத்தேன். படகு ஆடிக்கொண்டிருந்தது, அவள் ஆடாமல் நின்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். பக்கத்தைத் திருப்பிப் பின்னாலும் பார்த்தாள். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

"நல்ல லெற்றர் அப்பா." திருப்பித் தந்தாள். "இப்ப சொல்லுங்கோ. என்ன சொன்னாலும் கேக்கிறன்."

இதற்காகத்தான் நான் வந்தது. பேச வேண்டிய வசனங்களை மனைவி சொல்லித் தந்திருந்தாள். அழ வேண்டிய இடமும் குறித்துத் தந்திருந்தாள். வா என்றால் வருவாள் என்று மகளின் முகத்தில் தெரிந்தது. வந்து, கிளேற்றனில், சன்னல் இல்லாத அறையில், மற்றவர்களின் இரத்தத்துக்கு இலக்கம் ஒட்டுவாள். செத்தவீடுகளில் நாங்கள் தலையை நிமிர்த்தி நிற்கலாம்.

"கூட்டுக் கதவு திறக்கேக்க," என்றேன், "நீ ஏன் இடுப்பில கயிறு கட்டிறேல்ல?"

"என்ன?"

"எல்லாருக்கும் பட்டி மாட்டி விடுறாய். நீ மட்டும் ஓரத்தில சும்மா நிக்கிறாய். வழுக்கினா?"

அவள் தன் இடுப்பைக் குனிந்து பார்த்தாள். "கட்டுறன்," என்றாள். "இனிக் கட்டுறன்."

"இப்பவே கட்டு. அடுத்த ஆக்கள் இறங்க முந்தி."

போய்க் கட்டிக்கொண்டு வந்து காட்டினாள். முடிச்சை இழுத்துப் பார்த்தேன். படகோட்டியையும் கூப்பிட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் வாயைத் திறக்கும்போதே, காலையில் வாளிக்குப் பக்கத்தில் சொன்னதைத்தான் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். சொன்னார்.

விமான நிலையத்திலிருந்து மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"என்ன சொன்னவள்? அழுதனீங்களா?"

"சத்திதான் எடுத்தனான்."

"வேலைக்கு என்னவாம்?"

"வேலை செய்யிறாள்."

"எந்த வேலை?"

"இருக்கிற வேலைதான்."

"உங்கள அனுப்பினன் பாருங்கோ," என்று போனை வைத்தாள். மூன்று நாள் கதைக்கவில்லை. நாலாம் நாள், அவள் குசினியில் நிற்கும்போது வீடியோவின் பிளாஸ்ரிக் உறையைக் கிழித்து மடிக்கணினியில் போட்டேன். மிருதங்கச் சத்தம் கேட்டு வந்து, பின்னால் நின்று பார்த்தாள். திரையில் முதல் வரிசைக் கதிரை ஒன்றில் அவளுடைய ஹாண்ட்பாக் இருந்தது.

திங்கட்கிழமை வந்து போய்விட்டது. கடிதத்தை நான் எறியவில்லை. நான் எறிகிறவன் அல்ல. பைலின் கடைசிப் பகுதிக்கு, காலாவதியான பாஸ்போர்ட்டுகளும் பழைய கார்க் காப்புறுதிகளும் கிடக்கும் இடத்துக்கு மாற்றினேன். முன் பகுதியில் இப்போது, செத்தால் எவரும் பொறுப்பில்லை என்று நான் கையெழுத்து வைத்த படிவத்தின் பிரதி இருக்கிறது. இரண்டு போட்டோ பிரதிகளும் எடுத்திருக்கிறேன்.

காலையில் எழும்பியதும் கிரான்பர்னில் மழையா வெயிலா என்று நான் பார்ப்பதில்லை. போர்ட் லிங்கனில் காற்று எத்தனை நொட், அலை எத்தனை மீற்றர் என்று பார்க்கிறேன். பார்த்துவிட்டு, கயிறு கட்டினாயா என்று ஒரு செய்தி அனுப்புகிறேன். கட்டைவிரல் படம் ஒன்று வரும். அது வரும்வரைக்கும் நான் தேத்தண்ணி குடிப்பதில்லை.